கிரவுண்ட் கிளியரன்ஸ்: தரை யாரிடம் அனுமதி கேட்டது?

வண்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் நடுவே உள்ள கிரவுண்ட் கிளியரன்ஸைக் கார் செய்திகளில் ‘தரை அனுமதி 200 மி.மீ.’ என்று போடுகிறார்கள். யார் யாருக்குக் கொடுத்த அனுமதி? தரை வண்டிக்குக் கொடுத்ததா, போக்குவரத்து அலுவலகம் தரைக்குக் கொடுத்ததா? ஒருமுறை என்றால் தட்டச்சுப் பிழை என்று விட்டுவிடலாம். வாரம் நாலு முறை கண்ணில் படுகிறது.

மூலம் எளியது. லத்தீன் ‘கிளாருஸ்’ என்றால் ஒளியுள்ளது, தெளிந்தது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு ‘கிளியர்’ என்று வந்து, தடையற்றது என்ற பொருளையும் சேர்த்துக்கொண்டது. துறைமுகத்தில் சரக்குக்குத் தடை நீங்கினால் அது அனுமதி. ஜவுளிக்கடையில் பழைய சரக்கு நீங்கினால் ஆடித் தள்ளுபடி. இயந்திரத்தில் இரண்டு பாகம் உரசாமலிருக்க விட்ட வெற்றிடமும் கிளியரன்ஸ்தான். அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டியவர் ‘தரைத் தள்ளுபடி’ என்று போடாமல் விட்டாரே, அதுவரை லாபம்.

பட்டறையில் இந்தக் குழப்பம் கிடையாது. இன்ஜின் வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் டேப்பட் கிளியரன்ஸை மெக்கானிக் ‘டேப்பட் கேப்’ என்பார். ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்துப் பார்த்து “கேப் ஜாஸ்தி, அதான் சத்தம்” என்பார். ‘வால்வு அனுமதி அதிகம்’ என்று எந்தப் பட்டறையிலும் யாரும் சொன்னதில்லை. கேப் என்பது இடைவெளி. எனவே தரையிடைவெளி.

இதற்கு எதிராக நல்லெண்ணத்தோடு சிலர் முன்வைக்கும் சொல் ‘தரை உயரம்’. பிழை என்று சட்டெனத் தெரியாது என்பதால் அனுமதியைவிட இது ஆபத்தானது. உயரம் வேறு, இடைவெளி வேறு. பின்சக்கரம் இரண்டையும் ஒரே கட்டையாக இணைக்கும் அச்சு கொண்ட ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை 50 மி.மீ. தூக்கினால் உடல் உயரும், படி உயரும், கூரை உயரும். அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும், விசையை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் டிஃபரன்ஷியல் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். வண்டித்தடத்தின் நடுமேட்டில் முதலில் இடிப்பது அதுதான். அதைத் தூக்க டயரைத்தான் பெரிதாக்க வேண்டும். அதிலும் கிடைப்பது பாதி: விட்டம் 3 அங்குலம் கூடினால் அச்சு உயர்வது ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. ‘தரை உயரம் 50 மி.மீ. கூட்டப்பட்டது’ என்று படித்துவிட்டுப் பாறைமேல் ஏற்றுகிறவருக்கு அந்தச் சொல்லே பொய் சொல்லியிருக்கிறது.

தனித்தனியாக அசையும் சக்கரங்கள் என்றால் கதை வேறு. உடலோடு டிஃபரன்ஷியலும் உயரும். ஆனால் அங்கிருந்து சக்கரத்துக்கு வரும் தண்டு அதிகமாகச் சாயும். சாய்வு மிஞ்சினால் தண்டின் முனை இணைப்பை மூடும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து கிரீஸ் தெறிக்கும், மண் புகும், இணைப்பு போகும்.

இந்தச் சிக்கலை மெர்சிடிஸ் 2020-இல் காட்டிய ஈக்யூசி 4×4² என்ற மாதிரி வண்டி தீர்த்த விதம் பார்க்கத்தக்கது. அது மின்வண்டி, பேட்டரி தரைத்தட்டின் அடியில். உரசினால் வார்ப்பிரும்புப் பெட்டியில் கீறல் விழுந்ததோடு முடிகிற கதை அல்ல அது. அதனால் சக்கரக் குடத்திலேயே பற்சக்கரப் பெட்டி வைத்தார்கள். தண்டு மேலேயே நிற்க, சக்கரம் கீழே இறங்கிவிடும். தரையிடைவெளி 293 மி.மீ. ஆனது. சாதாரண ஈக்யூசிக்கு இருந்ததைப் போல் இரு மடங்குக்கும் மேல். அவர்களுடைய கரடுமுரடுத்தட வண்டியான ஜி-கிளாஸைவிடவே 58 மி.மீ. அதிகம். தண்ணீரில் இறங்கும் ஆழம் 250-இலிருந்து 400 மி.மீ. ஆனது. சும்மா கிடைக்கவில்லை: சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும் எடை கூடும், எண்ணெயும் சீலும் பார்க்க வேண்டிய பெட்டி நாலு கூடும், எடைமையம் ஏறுவதால் பக்கச்சரிவில் பயமும் கூடும்.

இந்த அமைப்புக்குப் பெயர் போர்ட்டல் அச்சு. யூனிமாக் லாரிகளில் வெகுகாலமாக உண்டு. ‘போர்ட்டல்’ என்றதும் ‘இணையதள அச்சு’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். வேண்டாம். போர்ட்டல் என்றால் வாசல். வண்டிக்கு முன்னால் குனிந்து பாருங்கள்: மேலே உத்தரம், இருபுறமும் நிலைக்கால். வாசல் அச்சு என்றே சொல்லலாம், தப்பில்லை.

மற்ற அளவுகளின் நிலை இன்னும் மோசம். வண்டியின் மூக்கு இடிக்காமல் ஏறக்கூடிய கோணம் (அப்ரோச் ஆங்கிள்) ‘அணுகுமுறைக் கோணம்’ ஆகிவிட்டது, வண்டி ஏதோ கொள்கை வைத்திருப்பதுபோல. மேட்டைத் தாண்டும்போது வயிறு தட்டாத கோணமோ (பிரேக்ஓவர் ஆங்கிள்) ‘முறிவுக் கோணம்’. வண்டி முறிவதற்கா அதைக் கணக்கிடுகிறார்கள்? ஏறுகோணம், விடுகோணம் (இறங்கும்போது வால் இடிக்காத கோணம்), மேட்டுக்கோணம் என்றால் ஓட்டுநருக்கே புரியும். அந்த ஈக்யூசியில் இவை 31.8, 33, 24.2 பாகை. மூல வண்டியில் 20.6, 20, 11.6. மேட்டுக்கோணம் தரையிடைவெளியோடு மட்டுமல்ல, முன்பின் அச்சுகளின் தூரத்தோடும் சேர்ந்தது. தூரம் நீண்டால் கோணம் சுருங்கும்.

தூய்மைவாதிகளில் சிலர் ‘அடி இடைவெளி’ என்கிறார்கள். காதுக்கு இனிமை. ஆனால் ‘அடி இடைவெளி 200 மி.மீ.’ என்றால் அடியா மில்லிமீட்டரா என்று வாசகர் நிற்பார். கூட்டுச்சொல் ஆக்கினால் இன்னும் சங்கடம். ஐரோப்பிய ஒன்றியத்தின் கரடுமுரடுத்தட வண்டி வரையறை இரண்டு வகை இடைவெளி கேட்கிறது: இரண்டு அச்சுகளுக்கும் நடுவே 200 மி.மீ., முன் அச்சின் கீழும் பின் அச்சின் கீழும் தலா 180 மி.மீ. இந்த மூன்று எண்களோடு ஏறுகோணம் 25, விடுகோணம் 20, மேட்டுக்கோணம் 20 பாகை; ஆறில் குறைந்தது ஐந்து தேற வேண்டும். இரண்டாவது வகையை ‘அச்சடி இடைவெளி’ என்று எழுதினால் அச்சகத்துக்காரர் கோபிப்பார். ‘அச்சின் கீழ்த் தரையிடைவெளி’ நீளம்தான். எந்த இடைவெளி என்று சந்தேகம் வராது.

எழுதும்போது ‘தரை’க்கும் ‘இடைவெளி’க்கும் நடுவே யகரம் போட்டுச் சேர்த்தே எழுதுங்கள். எண்ணோடு, வெறும் வண்டியில் அளந்ததா, ஆளும் சுமையும் ஏற்றி அளந்ததா என்பதையும் போடுங்கள். அஞ்சு பேர் ஏறி உட்கார்ந்ததும் ஸ்பிரிங் அமுங்கி அந்த இடைவெளியில் ஒரு பங்கு போய்விடும்.