பழைய ஆன்டிவைரஸ் ஏன் முழுதாகப் போக மறுக்கிறது?

“ஆன்டிவைரஸ் அப்டேட் ஆகாமல் மக்கர் செய்தது. நீக்கிவிட்டு மறுபடி போடப் பார்த்தால், ‘ஏற்கெனவே வேறொரு ஆன்டிவைரஸ் இருக்கிறது’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. புரோகிராம் ஃபைல்ஸில் அந்த ஃபோல்டரையே காணோம். பிறகு எங்கேதான் இருக்கிறது?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இருக்கிறது. திரையில் தெரியும் ஜன்னலும் பச்சை டிக் குறியும் ஆன்டிவைரஸின் முகம் மட்டுமே. வேலையைச் செய்வது சிஸ்டம்32 ஃபோல்டரின் டிரைவர்ஸ் பகுதியில் கிடக்கும் ஒரு சின்ன வடிகட்டி டிரைவர்.

நீங்கள் ஒரு கோப்பை டபுள் கிளிக் செய்ததும் ‘இதைத் திற’ என்ற கோரிக்கை கெர்னலுக்குப் போகிறது. அங்கே ஃபில்டர் மேனேஜர் அதை வாங்கி, வரிசையில் நிற்கும் வடிகட்டிகளிடம் ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. நெடுஞ்சாலைச் சோதனைச்சாவடி போல, எந்த வடிகட்டியும் கோரிக்கையை நிறுத்தலாம், விசாரிக்கலாம், திருப்பி அனுப்பலாம். யார் முன்னால், யார் பின்னால் என்பதை ‘ஆல்டிடியூட்’ என்ற உயர எண் முடிவு செய்கிறது. இந்த எண்களை நிறுவனங்களுக்கு ஒதுக்குவது மைக்ரோசாஃப்ட். ஆன்டிவைரஸ் வகைக்கு 320000 முதல் 329998 வரை; விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரின் எண் 328010. கோப்பை மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யும் வடிகட்டிகளுக்கு 140000 முதல் 149999 வரை.

இந்த ஏற்பாட்டின் அழகைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கோரிக்கை உயரத்திலிருந்து கீழே இறங்கும். வட்டிலிருந்து எடுத்த தரவு கீழிருந்து மேலே ஏறும். ஏறி வரும்போது 140000-இலேயே மறையாக்கம் அவிழ்ந்துவிடும். அதற்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஆன்டிவைரஸ் தெளிவான தரவைப் பார்க்கும். இடம் மாறியிருந்தால் அதன் கண்ணில் படுவது வெறும் குப்பை எழுத்துகளே. உயர எண்ணில் தசமப் புள்ளியும் வரலாம். அதனால் எந்த இரண்டு வடிகட்டிகளுக்கு நடுவிலும் புதிதாக ஒன்றை நுழைக்க எப்போதும் இடம் இருக்கும்.

‘இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு’ என்ற நம்பிக்கை எப்படிப் பொய்க்கிறது என்பதும் இங்கேயே புரிந்துவிடும். முதல் வடிகட்டி கோரிக்கையை நிறுத்தி வைத்து, தன் ஸ்கேனரிடம் தீர்ப்புக் கேட்கிறது. அந்த ஸ்கேனர் கோப்பைத் திறக்கப் போனால் இரண்டாவது வடிகட்டி மறிக்கிறது. இரண்டாவதின் ஸ்கேனர் திறக்கப் போனால் முதலாவது மறிக்கிறது. இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க, கம்ப்யூட்டர் உறைந்து போகலாம். கெர்னலுக்குள் நடக்கும் தவறுக்கு விலை அதிகம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஒரே ஒரு பிழையான அப்டேட் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது.

ஆகவே ஃபோல்டரைக் கையால் அழிக்காதீர்கள். டிரைவரும், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் உள்ள பதிவும் அப்படியே தங்கிவிடும். டிரைவர் கோப்பை மட்டும் அழித்து, வட்டுக்கான ‘அப்பர் ஃபில்டர்ஸ்’ பதிவில் அதன் பெயரை விட்டுவைத்தால் விண்டோஸ் பூட் ஆகாமலே போகலாம். ‘ரெஜிஸ்ட்ரி கிளீனர்’ மென்பொருள்களை இதற்காக நம்புவதும் வீண். எந்தப் பதிவு எந்த டிரைவருடையது என்பது அதைத் தயாரித்த நிறுவனத்துக்குத்தான் சரியாகத் தெரியும்.

முதலில் லைசன்ஸ் கீயையோ கணக்கின் பாஸ்வேர்டையோ எடுத்து வையுங்கள். நிறுவனத்தின் தளத்திலிருந்து முழு ஆஃப்லைன் இன்ஸ்டாலரையும் அவர்களுடைய நீக்கும் கருவியையும் டவுன்லோட் செய்யுங்கள். சந்தேகக் கோப்புகளை ஆன்டிவைரஸ் பூட்டி வைக்கும் குவாரன்டைனில் வேண்டிய கோப்பு ஏதாவது சிக்கியிருந்தால் இப்போதே மீட்டுவிடுங்கள். நீக்கிய பிறகு மீட்பது பெரும்பாலும் முடியாது. வட்டை மறையாக்கம் செய்யும் பிட்லாக்கர் இயங்கினால் 48 இலக்க ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மிகத் தேவையான டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் சேஃப் மோடுக்குப் போகும்போது விண்டோஸ் அதைக் கேட்கலாம். அந்த நேரத்தில் கீ இல்லாவிட்டால் உங்கள் வட்டே உங்களுக்குத் திறக்காது.

பிறகு செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலுக்குப் போய் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். முடிந்ததும் ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வது போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் கெர்னலின் நிலையை வட்டில் சேமித்து, அடுத்த முறை அதையே திரும்ப ஏற்றுகிறது. பழைய டிரைவரும் கூடவே வந்துவிடும். ‘அடுத்த பூட்டில் அழிக்கவும்’ என்று குறித்து வைத்த கோப்புகளும் ரீஸ்டார்ட்டில்தான் அழிகின்றன. பாதிப் பேருக்கு நீக்கம் பாதியில் நிற்பது இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு.

இப்போது கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ‘எஃப்எல்டிஎம்சி’ (fltmc) என்ற கட்டளையைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். வடிகட்டிகளின் பெயரும் உயர எண்ணும் வரிசையாக வரும். 32-இல் தொடங்கும் ஆறு இலக்க எண்ணுடன் டிஃபெண்டரைத் தவிர வேறு பெயர் தெரிந்தால், பழையது இன்னும் போகவில்லை.

அப்போது நீக்கும் கருவியை ஓட்ட வேண்டும். மெக்கஃபி, நார்ட்டன் கருவிகளைச் சாதாரண முறையிலேயே ஓட்டலாம். ஈசெட், அவாஸ்ட் கருவிகளுக்குச் சேஃப் மோட் தேவை. ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட், டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், மறுபடி ரீஸ்டார்ட், பிறகு எண் 4. ஆன்டிவைரஸ் தன் கோப்புகளை யாரும் தொடாமல் தானே காவல் காக்கும்; சேஃப் மோடில் அந்தக் காவல் டிரைவர் பெரும்பாலும் ஏறுவதில்லை. இணையம் மட்டும் வேலை செய்யாமல் போனால், நெட்வொர்க் அடாப்டரின் பிராப்பர்ட்டீஸில் பழைய நிறுவனத்தின் வடிகட்டி தங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

பழையது போனதும் டிஃபெண்டர் தானாக விழித்துக்கொள்ளும். விழிக்கவில்லை என்றால், விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘மேனேஜ் புரொவைடர்ஸ்’ பட்டியலைத் திறங்கள். பழைய பெயர் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். நீக்கும் கருவியை இன்னொரு முறை ஓட்டிவிட்டு, அதன் பிறகே புதியதை நிறுவி, அப்டேட் செய்து, மறுபடி ரீஸ்டார்ட் கொடுங்கள்.

சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க ஐகார் சோதனைக் கோப்பு இருக்கிறது. 68 எழுத்துகள் மட்டுமே கொண்ட, எந்தத் தீங்கும் செய்யாத கோப்பு அது. ஆன்டிவைரஸ்கள் வழக்கமாக அதை வைரஸாகவே கணக்கில் எடுக்கும். ஐகார் அமைப்பின் தளத்திலிருந்து இறக்கினால் சேமிக்கும்போதோ திறக்கும்போதோ எச்சரிக்கை வர வேண்டும். வராவிட்டால் ‘எஃப்எல்டிஎம்சி’ பட்டியலில் புதிய டிரைவரின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி, ‘ரிப்பேர்’ கொடுங்கள்.