சீற் கவருக்குள் புதைந்த பெல்ற்

சில மாதங்களுக்கு முன் ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியை எங்கள் ஆஸ்பத்திரி விடுதியில் சேர்த்தார்கள். கொடிகாமத்துக்குக் கிட்ட மாடு ஒன்று குறுக்கே வர, தகப்பன் சடாரென்று பிரேக் பிடித்திருக்கிறார். முன் சீற்றுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு வந்த பிள்ளை அப்படியே முன்னுக்குப் போய் அடிபட்டுவிட்டாள். உதடு கிழிந்து, பல் இரண்டு போய்விட்டன. கார் எதிலும் மோதவில்லை.

"பின்னால பெல்ற் இல்லையோ?" என்று கேட்டேன்.

"இருக்கு டொக்டர், சீற் கவருக்குக் கீழ கிடக்கு" என்றார் தாய்.

இந்தப் பதிலை நான் பலமுறை கேட்டுவிட்டேன். 2011இல் சாரதிக்கும் முன்னால் இருப்பவருக்கும் பெல்ற் கட்டாயமானது. அதோடு, பெல்ற் என்றால் பொலிசுக்காக முன்னால் போடுவது என்று மனதில் பதிந்துவிட்டது. இன்றைக்கே கவரைத் தூக்கி, கொளுவியை வெளியே எடுத்து விடுங்கள்.

"மடியில வச்சுப் பிடிச்சுக்கொண்டுதானே வாறன்" என்பார்கள். மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும் கார் மோதி நின்றால், 10 கிலோப் பிள்ளை அந்தக் கணத்தில் ஏறக்குறைய 200 கிலோப் பாரமாக உங்கள் கையை இழுக்கும். எந்தத் தாயாலும் பிடிக்க முடியாது. கைக்குழந்தைக்கும் சின்னப் பிள்ளைக்கும் அதற்கென்றுள்ள சீற்றைப் பின்னால் பூட்டுங்கள். வளர்ந்த பிள்ளைக்கு, உயரம் 145 சென்ரிமீற்றர் அளவில் வரும்வரை, ஆளை உயர்த்தி இருத்தும் பூஸ்டர் சீற் வேண்டும். பெல்ற்றின் கீழ்ப் பட்டி இடுப்பெலும்பில் படிய வேண்டும். வயிற்றில் ஏறிக் கிடந்தால் குடலைக் காயப்படுத்தும். மேல்பட்டி கழுத்தை உரசுகிறது என்று கக்கத்துக்குக் கீழே விடுவதும் ஆபத்துத்தான்.

சரி, பிள்ளையை எப்படிப் பழக்குவது? கெஞ்சவும் வேண்டாம், பொலிஸ் பிடிக்கும் என்று வெருட்டவும் வேண்டாம். எல்லோரும் பெல்ற் போடும்வரை காரை ஸ்ராட் பண்ணாதீர்கள். திருநெல்வேலிச் சந்தைக்குப் போனாலும் சரி, கொழும்புக்குப் போனாலும் சரி. "கிட்டத்தானே" என்று ஒருநாள் விட்டால், அடுத்த நாள் பிள்ளை அதையே உங்களுக்குத் திருப்பிச் சொல்லும்.

அடம்பிடிக்கும் பிள்ளையிடம் காரணத்தையும் கேளுங்கள். ஒரு பையன் பெல்ற்றைக் கண்டாலே அழுவான். விசாரித்தால், நல்லூரில் வெயிலில் விட்ட காரில் கொளுவியின் இரும்பு அவன் தொடையைச் சுட்டிருக்கிறது. அதன்மேல் ஒரு துவாயைப் போட்டு வைக்கச் சொன்னேன். அழுகை நின்றுவிட்டது.

பின் சீற்றில் இருக்கும் பெரியவர்களும் போடத்தான் வேண்டும். பெல்ற் போடாத பெரியவர் பக்கத்துப் பிள்ளையின் மேல்தான் போய் விழுவார். எங்கள் வீட்டில் அம்மம்மாவுக்குப் பெல்ற் கொளுவிவிடுவது சின்னவனின் பொறுப்பு. "அம்மம்மா, கையைத் தூக்குங்கோ" என்பான். 'டிக்' என்ற சத்தம் கேட்ட பிறகுதான் நான் திறப்பைத் திருப்புவேன்.