பீர் லேபிளில் மலை நீலமாவது முக்கியமில்லை, தேதி முக்கியம்

கூர்ஸ் லைட் என்ற அமெரிக்க பீரின் பாட்டிலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் லேபிளில் வெள்ளையாக இருக்கும் மலைகள் நீலமாகும். 2007-இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த ஏற்பாடு இது. வெப்பநிலையைப் பொறுத்து நிறம் மாறும் சாயத்தை மிக நுண்ணிய உறைகளுக்குள் அடைத்து, அதை மையாக்கி அச்சடிக்கிறார்கள். குளிர்ந்தால் நிறம் ஏறும், சூடானால் வெளிறிவிடும். வேதியியலாகப் பார்த்தால் நல்ல வேலை. ஆனால் அது தரும் தகவல் ஒன்றுதான், பாட்டில் சில்லென்று இருக்கிறது என்பது. கையில் எடுத்தாலே தெரிகிற விஷயம் அது. உள்ளே இருக்கும் பீரை எந்த மாதம் அடைத்தார்கள், எத்தனை வாரம் சூடான கிடங்கில் கிடந்தது, கடை ஜன்னலோரம் எவ்வளவு நேரம் வெயில் பட்டது என்பதைப் பற்றி அந்த மலை எதுவும் சொல்லாது. வாங்குபவருக்குத் தெரியவேண்டியது இவைதான்.

நான் கொலராடோவில் ஒரு சிறிய பீர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். கெட்டுப்போன பீரை முகர்ந்து, எதனால் கெட்டது என்று கண்டுபிடிப்பது என் வேலையில் பெரும்பகுதி. பீரைக் கெடுப்பவை பெரும்பாலும் வெளிச்சம், ஆக்சிஜன், சூடு ஆகிய மூன்றும்தான். பாட்டிலோ கேனோ, அது இந்த மூன்றிலிருந்தும் பீரைக் காப்பாற்றுகிறதா என்பதே என் முதல் கேள்வி. விளம்பரங்களில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை என்பது எனக்கு உண்மையான ஆதங்கம்.

மில்லர் லைட் 2010-இல் ‘வோர்டெக்ஸ்’ என்ற பாட்டிலைக் கொண்டுவந்தது. கழுத்தின் உள்பக்கம் திருகுபோலப் பள்ளங்கள். ஊற்றும்போது பீர் சுழன்றுகொண்டு வரும். சுழன்று வருவதால் அதன் சுவை மாற ஒரு காரணமும் இல்லை. 2012-இல் அதே நிறுவனம் கேனின் மேல்மூடியில் இரண்டாவது துளை போடும் வசதியைத் தந்தது. காற்று உள்ளே போக வழி கிடைப்பதால் பீர் தடையில்லாமல் கொட்டும், அதாவது சீக்கிரம் குடித்து முடிக்கலாம். 2013-இல் பட்வைசர் தன் சின்னத்தைப் போலவே இடுப்பு ஒடுங்கிய கேனை வெளியிட்டது. வழக்கமான கேனில் 12 அவுன்ஸ் (சுமார் 355 மில்லி) பிடிக்கும், இதில் 11.3 அவுன்ஸ்தான். வடிவத்துக்காக வாங்கியவர் கையில் கிடைத்தது குறைவான பீர்.

கூர்ஸ் லைட் கேனின் உட்பூச்சு என்னை இன்னும் உறுத்துகிறது. நீல நிறத்தில் ஒரு பூச்சு, சுவையைப் பூட்டிவைக்கிறது என்று விளம்பரம் செய்தார்கள். எல்லா பீர் கேனுக்கும் உள்ளே பாலிமர் பூச்சு உண்டு. அது இல்லாவிட்டால் அமிலத்தன்மையுள்ள பீர் அலுமினியத்தை அரித்துவிடும். எல்லோரும் செய்தே ஆகவேண்டிய ஒன்றுக்கு நிறம் சேர்த்து, தங்களிடம் மட்டுமே இருக்கும் சிறப்பைப்போலக் காட்டுவது வாங்குபவரின் அறியாமையைப் பயன்படுத்துவதுதான்.

இதற்காக அந்தப் பெரிய ஆலைகளில் வேலை தெரியாதவர்கள் இருக்கிறார்கள் என்று நினைக்கவேண்டாம். மெல்லிய லாகர், அதாவது இந்த லைட் பீர் வகை, காய்ச்சுவது கடினமான வேலை. மால்ட் என்னும் முளைகட்டி உலர்த்திய தானியத்தின் கனமோ, ஹாப்ஸ் என்னும் கொடிப்பூவின் கசப்போ அதிகம் இல்லாததால் சிறு குறை இருந்தாலும் நாக்குக்குத் தெரிந்துவிடும். அதைப் பல ஊர்களில் உள்ள ஆலைகளில், கோடிக்கணக்கான பாட்டில்களில், ஒரே சுவையாகக் கொண்டுவருகிறார்கள். அந்தத் திறமைக்கு நான் தலைவணங்குகிறேன். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. போட்டி நிறுவனங்களின் லைட் பீர்களை லேபிளை மறைத்துக் கொடுத்தால் வழக்கமாகக் குடிப்பவர்களுக்கே பிரித்துச் சொல்வது கஷ்டம். குடிப்பதில் வேறுபாடு இல்லாதபோது விற்பனைக்கு மிஞ்சுவது மூடியும் லேபிளும் குளிர்ச்சியும்தான். குளிர்ச்சியை இவ்வளவு தூக்கிப்பிடிப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் பீரிலிருந்து மணம் எழாது. நாக்கும் மரத்துப்போகும். நல்லதும் தெரியாது, குறையும் தெரியாது. நன்றாகக் காய்ச்சிய ஏல் வகை பீரை 8 முதல் 12 டிகிரி செல்சியஸில் குடித்துப் பார்த்தால்தான் அதில் என்னவெல்லாம் இருக்கிறது என்று தெரியும்.

இனி வெளிச்சத்துக்கு வருகிறேன். சுவை பார்க்கக் கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு நான் முதலில் செய்துகாட்டும் பாடம் இது. ஒரே நாளில் அடைத்த, ஹாப்ஸ் மணமுள்ள பீரை இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றுவேன். ஒன்றை மூடிய அலமாரியிலும் இன்னொன்றை மதிய வெயில் விழும் ஜன்னல் திட்டிலும் வைத்துவிட்டு, பேசிக்கொண்டே கால் மணி நேரம் கழிப்போம். பிறகு இரண்டையும் முகரச் சொல்வேன். ஜன்னலில் இருந்த டம்ளரை மூக்கருகே கொண்டுபோனதுமே தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். ரப்பர் எரிந்ததுபோல, கந்தகம் கலந்த ஒரு நாற்றம். நாற்றத்தைப் பீய்ச்சித் தற்காத்துக்கொள்ளும் ‘ஸ்கங்க்’ என்ற விலங்கின் பெயரைச் சொல்லித்தான் அமெரிக்கர்கள் இதைக் குறிப்பிடுவார்கள்.

இது நடக்கும் விதம் எளிது. மால்ட்டிலிருந்து வரும் ரைபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2, நீல ஒளியையும் புற ஊதா ஒளியையும் உறிஞ்சுகிறது. அந்த ஆற்றல் ஹாப்ஸின் கசப்புப் பொருளிலிருந்து ஒரு துண்டை உடைக்கிறது. அந்தத் துண்டு கந்தகத்தோடு சேர்ந்து தயால் என்னும் சேர்மமாகிறது. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். பழுப்புக் கண்ணாடி இந்த ஒளியில் பெரும்பகுதியைத் தடுக்கும். பச்சைக் கண்ணாடி கொஞ்சம்தான் தடுக்கும், நிறமில்லாத கண்ணாடி கிட்டத்தட்ட எதையுமே தடுக்காது. வெயில்தான் வேண்டும் என்பதில்லை, கடை அலமாரியின் குழல்விளக்கும் போதும், நேரம் மட்டும் கூடுதலாகும். கொரோனா என்ற பீரைத் தெளிவான பாட்டிலில் விற்கிறார்கள். அதன் வாயில் எலுமிச்சைத் துண்டைச் செருகினால் இந்த நாற்றம் அமுங்கிவிடும். மில்லர் ஹை லைஃபும் தெளிவான பாட்டில்தான். ஆனால் அங்கே ஒளி பட்டாலும் உடையாதபடி வேதிமுறையில் மாற்றிய ஹாப்ஸ் சாற்றைச் சேர்க்கிறார்கள். பாட்டிலின் அழகைக் காப்பாற்றப் பீரையே மாற்றியமைத்திருக்கிறார்கள்.

ஆக்சிஜன் மெதுவாக வேலை செய்யும். அடைக்கும்போது உள்ளே மாட்டிக்கொண்ட மிகச் சிறிய அளவே போதும். சில வாரங்களில் ஹாப்ஸ் மணம் மங்கி, ஈர அட்டைப்பெட்டியின் வாடை தலைகாட்டும். சூடு இதை விரட்டிவிடும். இந்தத் தொழிலில் ‘3, 30, 300’ என்று ஒரு கணக்கு உண்டு: 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், மூன்றிலும் பீருக்கு ஏறக்குறைய ஒரே அளவு முதுமை. தோராயமான கணக்குதான், ஆனால் நான் முகர்ந்த பீர்கள் அதற்கு ஒத்துத்தான் போகின்றன. சென்னையின் மே மாதக் கிடங்கை நினைத்துப் பாருங்கள். அங்கிருந்து எடுத்து ஐஸில் வைத்தால் பாட்டில் குளிரும், பழைய பீர் புதிதாகிவிடாது.

பேக்கேஜிங்கில் செய்யும் எல்லாமே வெறும் வித்தை என்று நான் சொல்லமாட்டேன். கின்னஸ் கேனை ஆட்டினால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் பந்து உருளும். அதனுள் அழுத்தத்தில் நைட்ரஜனும் கொஞ்சம் பீரும் இருக்கும். கேனைத் திறந்ததும் வெளி அழுத்தம் குறைந்து, பந்தின் ஊசித்துளை வழியே அவை பீய்ச்சி அடிக்கும், பாலேடுபோல மெத்தென்ற நுரை எழும். பப்பில் குழாயிலிருந்து பிடித்தால் கிடைக்கும் அனுபவத்தை வீட்டுக் கேனில் கொண்டுவந்த இந்தக் கருவிக்கு 1991-இல் பிரிட்டனில் தொழில்நுட்பத்துக்கான அரசி விருது கிடைத்தது. அது பீரின் தன்மையையே மாற்றுகிறது, அதனால் அதை மதிக்கிறேன். கொலராடோவின் ஆஸ்கர் புளூஸ் ஆலை 2002-இல் டேல்ஸ் பேல் ஏல் என்ற தன் பீரைக் கேனில் அடைத்தபோது, கேன் என்றாலே மலிவான பீர் என்றுதான் பலர் நினைத்தார்கள். வெளிச்சம் துளியும் புகாத, மூடி வழியே காற்றுக் கசியாத கொள்கலன் அதுதான். இன்று கிராஃப்ட் எனப்படும் சிறிய தனி ஆலைகளில் நல்லவை பல கேனுக்கு மாறிவிட்டன. 1996-இல் பட்வைசர் பாட்டிலில் ‘பிறந்த தேதி’ அச்சடிக்கத் தொடங்கியதும் விளம்பர உத்தியாகத்தான். ஆனால் வாங்குபவருக்கு அதைவிடப் பயனுள்ள வரி லேபிளில் வேறில்லை. காபித்தூள் வாங்கும்போது டப்பா எவ்வளவு பளபளப்பாக இருக்கிறது என்றா பார்க்கிறோம், என்றைக்கு அரைத்தது என்றுதானே கேட்கிறோம்?

வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்கு இந்த விவரங்கள் எல்லாம் இயல்பாகவே தெரியும். அமெரிக்காவில் இதற்குச் சட்ட அனுமதி கிடைத்தது 1978 அக்டோபரில், அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால். விற்பனைக்கு இல்லாமல், பெரியவர் ஒருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன் (சுமார் 380 லிட்டர்), இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-இல்தான் கடைசியாக வழிவிட்டன. சியரா நெவாடா பீர் ஆலையைத் தொடங்கிய கென் கிராஸ்மன் உட்படக் கிராஃப்ட் பீரின் முன்னோடிகள் பலர் வீட்டு அடுப்பில் காய்ச்சிப் பழகியவர்கள். மில்லர் லைட் ஒரு காலத்தில் ‘மூன்று முறை ஹாப்ஸ் சேர்த்தது’ என்று பெருமை பேசியது. காய்ச்சத் தொடங்கும் எவரும் முதல் வாரத்தில் கற்றுக்கொள்வது அது: கொதி வந்ததும் ஒரு பங்கு கசப்புக்கு, இறக்குவதற்குக் கால் மணி நேரம் முன்பு ஒரு பங்கு சுவைக்கு, அடுப்பை அணைக்கும்போது ஒரு பங்கு மணத்துக்கு. ஒரே ஒரு முறை காய்ச்சிப் பார்த்தவரிடம் இந்த விளம்பரம் எடுபடாது.

அமெரிக்காவில் வீட்டில் காய்ச்ச நினைக்கும் நம்மவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, பாட்டில் வெடிப்பது. நொதித்தல் முடிவதற்கு முன்பே அடைத்தாலும், நுரைக்காகச் சேர்க்கும் சர்க்கரை கூடினாலும் உள்ளே அழுத்தம் ஏறிக் கண்ணாடி சிதறும். கண் போகும் அபாயம் இது. 19 லிட்டருக்கு 110 முதல் 130 கிராம் சோளச் சர்க்கரை போதும். கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். அடர்த்திமானியில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவு காட்டினால்தான் பாட்டிலில் அடைக்கவேண்டும். இரண்டாவது, ஊரிலிருந்து தொலைபேசியில் வரும் பயம்: வீட்டில் காய்ச்சினால் விஷமாகிவிடாதா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்ததைப் பார்த்தவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி. அங்கே கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால். மால்ட்டை நொதிக்கவைக்கும்போது மெத்தனால் ஆபத்தான அளவில் உருவாகாது. வீட்டு பீர் கெட்டால் புளிக்கும், நாறும், கீழே கொட்டவேண்டியதுதான். ஆனால் வடித்தெடுக்கும் வேலைக்கு மட்டும் போகவே போகாதீர்கள், அமெரிக்காவிலும் வீட்டில் அதற்கு அனுமதியில்லை. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் பீர் காய்ச்சுவதே குற்றம். ஆகவே இது அங்கிருந்து வாசிப்பவர்களுக்கான அழைப்பு இல்லை.

கிராஃப்ட் என்ற சொல்லையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். 1995-இல் வந்த புளூ மூன் கூர்ஸ் நிறுவனத்தின் பீர்தான். சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலையை 2011-இல் பட்வைசரின் உரிமையாளர்களே வாங்கிவிட்டார்கள். கண்ணைப் பறிக்கும் ஓவியம் போட்ட கேனுக்குள் நான்கு மாதப் பழைய ஐபிஏ, அதாவது ஹாப்ஸ் தூக்கலான ஏல் வகை, இருக்கலாம். கலங்கலான ஐபிஏ வகை மற்றவற்றைவிடச் சீக்கிரம் மணத்தை இழக்கும், ஆறு வாரத்தைத் தாண்டியதை நான் எடுப்பதில்லை. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பீரில் தேதி போடச் சொல்லவில்லை. அக்கறையுள்ள ஆலைகள் தாங்களாகவே போடுகின்றன, பெரும்பாலும் கேனின் அடிப்பக்கம் அல்லது பாட்டிலின் கழுத்தில். இந்தியாவில் தயாரிப்புத் தேதி லேபிளிலேயே இருக்கும், படித்துவிட்டு வாங்கலாம்.

தேதியைத் தேடும்போதே ஆல்கஹால் சதவீதத்தையும் பாருங்கள். கிராஃப்ட் பீரில் பலரும் கவனிக்காமல் விடுவது அதுதான். அமெரிக்கக் கணக்கில் 12 அவுன்ஸ், 5 சதவீத பீர் ஒன்று என்பது ஒரு ‘டிரிங்க்’, அதாவது 14 கிராம் சுத்த ஆல்கஹால். 16 அவுன்ஸ் கேனில் 8 சதவீத ஐபிஏ இருந்தால் அந்த ஒரு கேனே இரண்டு டிரிங்குக்கு மேல். ‘ஒரு பீர்தான் குடித்தேன்’ என்று நம்பிக் காரை எடுப்பவருடைய உடம்பில் இரண்டு பீருக்கும் அதிகமான ஆல்கஹால் ஓடிக்கொண்டிருக்கும்.