செட் (sed) கமாண்ட் உங்க ஃபைலை திருத்துறதே இல்ல

டெபியன் லினக்ஸ் சர்வர்ல எஸ்எஸ்எச் (தூரத்துல இருந்து சர்வருக்குள்ள நுழையற வழி) போர்ட்டை மாத்தணும்னு வைங்க, ஒரு மிஷின்னா அதோட கான்ஃபிக் ஃபைலை நானோ எடிட்டர்ல திறந்து மாத்திட்டு போயிடலாம், 20 மிஷின்னா அது ஆகாத வேலை, அங்கதான் ஃபைல்ல இருக்கற எழுத்தை கமாண்ட்லயே தேடி மாத்துற செட் கை கொடுக்கும். 1970கள்ல பெல் லேப்ஸ்ல லீ மக்மஹோன் எழுதினது இது. ஃபைல் எவ்ளோ பெருசா இருந்தாலும் மொத்தமா மெமரில ஏத்தாது, ஒரு வரி எடுக்கும், சொன்னத செய்யும், ஸ்க்ரீனுக்கு தள்ளும், அடுத்த வரிக்கு போயிடும்.

அப்போ ஃபைல்லயே மாத்துன்னு சொல்ற மைனஸ் ஐ (-i) போட்டா மட்டும் ஃபைல் எப்படி மாறுது? மாறல. அதே டைரக்டரில ஒரு டெம்ப் ஃபைல் திறந்து எல்லா வரியையும் அதுல எழுதிட்டு, கடைசில பழைய பேரை அதுக்கு வச்சிடும். செட் அடிக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எல்எஸ் மைனஸ் ஐ (ls -i) போட்டு பாருங்க, ஐநோட் நம்பரே (டிஸ்க்ல ஃபைலோட அடையாள எண்) வேறயா இருக்கும். இது ரொம்ப நல்ல ஏற்பாடு, ஏன்னா ரீநேம் ஒரே அடில முடியுது, நடுவுல எந்த ப்ரோக்ராம் வந்து திறந்தாலும் பழசு முழுசா கிடைக்கும் இல்லன்னா புதுசு முழுசா கிடைக்கும், பாதி எழுதின ஃபைல் கைல சிக்காது. ஆனா சிம்லிங்க் (வேற ஃபைலை காட்டுற குறுக்குவழி) மேல அடிச்சா லிங்க் போயி அந்த இடத்துல சாதா ஃபைல் வந்துடும், ஒரிஜினல் மாறாம கிடக்கும். டாக்கர் கன்டெய்னருக்குள்ள (தனியா ஓடுற குட்டி லினக்ஸ் சூழல்) வெளிய இருக்கற ஒத்த ஃபைலை மவுண்ட் பண்ணிட்டு, அதாவது உள்ள தெரியற மாதிரி இணைச்சிட்டு, உள்ள போய் செட் அடிச்சா டிவைஸ் பிஸின்னு எரர் வர்றதும் இதனாலதான், மவுண்ட் ஆன பேர் மேல ரீநேம் பண்ண லினக்ஸோட மையமான கர்னல் விடாது.

இன்னொரு விஷயம், செட்டுக்கு கான்ஃபிக்னா என்னன்னே தெரியாது, அதுக்கு எல்லாம் வெறும் எழுத்து. "போர்ட் 22"ஐ "போர்ட் 2222"ஆ மாத்துன்னு ஒரு ஸ்க்ரிப்ட்ல எழுதி ரெண்டு தடவை ஓட்டிட்டேன், புது வரிலயும் முதல்ல "போர்ட் 22" இருக்கே, அதையும் பிடிச்சு 222222 ஆக்கிடுச்சு. போர்ட் நம்பர் 65535 தாண்டவே முடியாது, அதனால எஸ்எஸ்எச் சர்வீஸ் எழுந்திருக்கவே இல்ல. இன்னொரு மிஷின்ல அந்த வரி முன்னாடி ஹேஷ் (#) இருந்துச்சு, அது இருந்தா வரி வெறும் கமெண்ட், சர்வீஸ் அதை கண்டுக்காது, அங்க கமெண்ட்டுக்குள்ளயே நம்பர் மாறி, ஒரு பலனும் இல்லாம போச்சு.

அதனால வரி ஆரம்பத்துக்கு கூரை குறி (^) போட்டு, ஹேஷ் இருந்தாலும் இல்லாட்டியும் பிடிக்கிற மாதிரி எழுதி, வரி முழுசையும் புதுசா மாத்துங்க, அப்போ பத்து தடவை ஓட்டினாலும் ஒரே ரிசல்ட். மைனஸ் ஐ கூடவே டாட் பேக்னு ஒட்டி (-i.bak) எழுதினா பழைய காப்பியும் தங்கும். அப்புறம் எஸ்எஸ்எச்டி மைனஸ் டி (sshd -t) அடிங்க, ஃபைல்ல தப்பு இருந்தா எந்த வரின்னு சொல்லிடும். ரீஸ்டார்ட் பண்ணி, வேற டெர்மினல்ல புது போர்ட் வழியா உள்ள போன பிறகுதான் பழைய செஷனை மூடணும்.