தொலைதூர மிதிவண்டி வாங்குவோர் பிரேமின் நீளத்தை ஏன் பார்க்க வேண்டும்?

குன்னூரில் இயன்முறை மருத்துவம் பார்க்கிறேன். விரல் மரத்துப்போகிறது என்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், இல்லையேல் தேயிலைத் தோட்டத்தில் கவாத்துக் கத்தி பிடிப்பவர்கள். அண்மைக் காலமாகத் தொலைதூர மிதிவண்டிப் பயணிகளும் அந்த வரிசையில் சேர்ந்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு கோத்தகிரிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர், பழனி வழியாகக் கொடைக்கானல் வரை மிதிவண்டியில் போய்த் திரும்பிய சில நாள்களில், சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை என்று வந்தார். இரு கைகளிலும் சுண்டுவிரலும் மோதிர விரலின் பாதியும் மரத்திருந்தன. உள்ளங்கையின் அடிப்பகுதியில், சுண்டுவிரல் பக்கமாக ஓடும் அல்னார் நரம்பு நெடுநேரம் ஹேண்டில்பாரில் அழுந்தினால் இப்படி ஆகும்.

"அடுத்த முறை வண்டியையும் கொண்டுவாருங்கள் சார்" என்றேன்.

"கையைக் காட்ட வந்தால் வண்டியைக் கேட்கிறீர்களே டாக்டர்" என்று சிரித்தார்.

அவர் ஏற்கெனவே பஞ்சு வைத்த கையுறை, இரட்டைச் சுற்று ஹேண்டில்பார் டேப், ஜெல் சீட் உறை என்று செலவழித்திருந்தார். பிரேமை மட்டும் அவர் சந்தேகிக்கவில்லை, ஏனெனில் அவருடைய 176 செ.மீ. உயரத்துக்கு 56ஆம் எண் பிரேம்தான் சரி என்று கடையில் சொல்லியிருந்தார்கள். நான் அளந்து பார்த்தபோது அவருக்குக் கால்கள் நீளம், உடற்பகுதி குட்டை. மொத்த உயரம் ஒன்றாகவே இருக்கும் இருவரில் ஒருவருக்குக் காலும் மற்றவருக்கு முதுகும் நீண்டிருக்கலாம் என்பதை உயரத்தை மட்டும் கேட்டு எண் சொல்பவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

22 இன்ச், 24 இன்ச் என்று கறுப்பு வண்டிகளைக் கேட்டு வாங்கிய காலத்திலிருந்தே பிரேமின் அளவு என்றால் சீட்டைத் தாங்கும் குழாயின் நீளம் என்று நாம் பழகிவிட்டோம். (குரங்கு பெடல் போட்டு ஓட்டக் கற்ற தலைமுறைக்கு, வண்டிக்கு ஏற்ப உடம்பை வளைத்துக்கொள்வது இயல்பாகவே தோன்றும்.) ஆனால் சீட்டின் உயரத்தை ஒரு ஆலன் சாவியால் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம், பிரேமின் நீளத்தை அப்படி மாற்ற முடியாது. ஆகவே தயாரிப்பாளர் தரும் அளவுப் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியவை ஸ்டேக், ரீச் என்ற இரண்டும்தான். பெடல்களைத் தாங்கும் கிராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து ஹேண்டில்பார் தண்டு நுழையும் முன்குழாயின் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டேக். எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். சீட் குழாயையும் முன்குழாயையும் இணைக்கும் மேல்குழாயின் நீளத்தை மட்டும் ஒப்பிடுவது ஏமாற்றும்: சீட் குழாயின் சாய்வு ஒரு டிகிரி மாறினால், 70 செ.மீ. உயரத்தில் உள்ள சீட் ஏறத்தாழ 12 மி.மீ. முன்னோ பின்னோ நகர்ந்துவிடும் என்பதால், ஒரே மேல்குழாய் நீளம் கொண்ட இரு பிரேம்களில் கைகள் ஒரே இடத்தை எட்டும் என்று சொல்ல முடியாது.

மலையில் இது இன்னும் சிக்கலாகிறது. கடைக்காரர் உங்களைச் சமதளத்தில் உட்கார வைத்து அளக்கிறார்; நீங்களோ 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் ஏற்றத்தில் மிதிக்கிறீர்கள். அந்த ஏற்றத்தில் வண்டி முழுவதும் ஏறத்தாழ 5.7 டிகிரி பின்சாய்கிறது, சீட்டும் பெடல் அச்சுக்கு 6 செ.மீ.க்கு மேல் பின்னால் போய்விடுகிறது. அதை ஈடுகட்ட நுனிச் சீட்டுக்கு நகர்ந்து, ஹேண்டில்பாரை இழுத்துக்கொண்டே ஏறுகிறோம். இறக்கத்தில் இதற்கு நேர்மாறு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கும்போது உடல் எடை உள்ளங்கைகளில் விழுகிறது; ரீச் நீண்ட பிரேமில் முழங்கை விறைத்து நிற்பதால், சாலையின் ஒவ்வொரு அதிர்வும் நேராக மணிக்கட்டில் இறங்குகிறது. மரத்துப்போன விரல்களோடு பிரேக் பிடித்து இறங்குவது எவ்வளவு ஆபத்தானது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

கால் அளவை வீட்டிலேயே எடுக்கலாம். வெறுங்காலுடன் சுவரில் சாய்ந்து நின்று, தடித்த புத்தகம் ஒன்றின் முதுகைக் கவட்டில் அழுத்தி, அங்கிருந்து தரைவரை அளக்க வேண்டும். அந்த அளவை 0.883 ஆல் பெருக்கினால், கிராங்க் அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்புவரையிலான உயரம் தோராயமாகக் கிடைக்கும், 78 செ.மீ. என்றால் சற்றேறக்குறைய 69 செ.மீ. இது தொடக்கப் புள்ளி மட்டுமே. பெடல் கீழே இருக்கும்போது முழங்காலில் 25 முதல் 35 டிகிரி மடக்கம் மிஞ்சுகிறதா என்று பக்கவாட்டில் ஒருவரை நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறதா என்றும், பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கிறதா என்றும் நான் முதலில் சந்தேகிப்பேன்.

உயரம் குறைந்தவர்கள், குறிப்பாகப் பெண்கள், இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். சிறிய பிரேமில் 700சி எனும் பெரிய சக்கரத்தைப் பொருத்தும்போது, ஹேண்டிலைத் திருப்பினால் முன்சக்கரமோ மட்கார்டோ கால்விரலில் இடிக்கக்கூடும். சமவெளியில் வேகமாகப் போகும்போது ஹேண்டிலை அவ்வளவு திருப்புவதே இல்லை. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும், 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டிப் பாதையில் நடைவேகத்தில் ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் திருப்ப வேண்டியிருக்கும். இத்தகையவர்களுக்கு அதைவிடச் சிறிய 650பி அல்லது 26 இன்ச் சக்கரத்துக்கென்றே வடிவமைத்த பிரேம் நல்லது. பின்பக்கப் பைகளில் குதிகால் இடிக்கிறதா என்பதையும் பைகளை மாட்டிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

ஆசிரியரின் வண்டியில், ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மின் நீளத்தை 30 மி.மீ. குறைத்துப் பார்த்தோம். கை ஓரளவு தேறியது. ஆனால் சுமை ஏற்றியதும் ஹேண்டில் முன்போல் நிலையாக இல்லை என்றார். ஹேண்டில்பாரை உயர்த்தலாம் என்றால், கடையில் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று முன்சக்கரத்தைப் பிடிக்கும் போர்க்கிலிருந்து முன்குழாய் வழியாக மேலே வரும் தண்டை ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஸ்டெம்முக்கு அடியில் வளையம் சேர்க்க இடமே இல்லை. 10 மி.மீ. வளையம் ஒன்று சேர்த்தால் பிடி உயர்வதோடு ஏறத்தாழ 3 மி.மீ. உங்களை நோக்கியும் வரும், ஆகவே அந்தத் தண்டு மலிவான காப்பீடு. கடைசியில் அவர் ரீச் 20 மி.மீ. குறைவாகவும் ஸ்டேக் 35 மி.மீ. கூடுதலாகவும் உள்ள வேறு பிரேம் வாங்கினார். விரல்களில் உணர்ச்சி முழுதாகத் திரும்ப நான்கு மாதம் ஆனது. புதிய வண்டியின் தண்டை, மூன்று மாதம் ஓட்டிப் பார்க்கும்வரை வெட்டவே கூடாது என்று கடைக்காரரிடம் அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.