காசிமேட்டு முகாமில் நான் சொல்லிக்கொடுத்த பொய்

ரத்த வங்கியில் ஆலோசகராகப் பதினொரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வடசென்னையில் முகாம் என்றால் எனக்குத் தனி உற்சாகம். ராயபுரமோ தண்டையார்பேட்டையோ, கூப்பிட்ட குரலுக்கு வந்து வரிசையில் நிற்பார்கள்.

சென்ற ஆண்டு காசிமேட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் நடந்தது. விசைப்படகு இன்ஜின் பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர் நான்கு நண்பர்களுடன் வந்தார். எடை 68 கிலோ. ஹீமோகுளோபின் 15.2, 12.5 இருந்தாலே போதும். படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தவர் குரலைத் தாழ்த்தி, "அக்கா, எனக்குத் துணையாக இருப்பவர் ஓர் ஆண். மூன்று வருடமாக நாங்கள் இருவர் மட்டும்தான்" என்றார்.

அவரைத் திருப்பி அனுப்பினேன். ரத்தக் கொடையாளர் தேர்வுக்காக மத்திய அரசு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆணுடன் உறவுகொள்ளும் ஆண்களையும் திருநர்களையும் எச்.ஐ.வி. ஆபத்துள்ளவர்கள் என்று வகைப்படுத்தி நிரந்தரமாக விலக்குகிறது. மஞ்சள் காமாலை வந்தவருக்கும் பச்சை குத்திக்கொண்டவருக்கும் காத்திருக்க ஒரு காலக்கெடு உண்டு. இவருக்கு அதுவும் இல்லை.

அதே வரிசையில் 'திருமணமானவர்' என்று எழுதிய எவரிடமும் நாங்கள் மேற்கொண்டு எதையும் துருவவில்லை. மண்டபத்தின் நடுவில், மாமனும் மச்சானும் பக்கத்தில் நிற்கும்போது, வேறு தொடர்பு உண்டா என்று கேட்டால் யார் சொல்வார்கள்?

ஆணுடன் உறவுகொள்ளும் ஆண்களிடையேயும் திருநர்களிடையேயும் எச்.ஐ.வி. விகிதம் பொதுமக்களைவிட அதிகம் என்பது உண்மை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நோயாளிக்கு ஆபத்து வருவது எங்கே? கொடுக்கும் ஒவ்வொரு பையும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்கப்படுகிறது. தொற்றிய முதல் சில வாரங்களில் மட்டும் அது சோதனைக்குப் பிடிபடாமல் போகலாம். ஆகவே, கடந்த மூன்று மாதத்தில் புதிய உறவு ஏற்பட்டதா, ஆணுறை பயன்படுத்தினீர்களா என்று ஆண், பெண் எல்லோரிடமும் தனியறையில் கேட்க வேண்டும். பிரிட்டன் 2021 ஜூனிலும் அமெரிக்கா 2023 மே மாதத்திலும் ஆளைப் பார்த்து ஒதுக்குவதை விட்டுவிட்டு, நடத்தையைக் கேட்கும் முறைக்கு மாறின. இங்கே தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவு குறித்து, அது குற்றமல்ல என்று 2018இல் தீர்ப்பு வந்த பிறகும் படிவம் மாறவில்லை. மணிப்பூரைச் சேர்ந்த திருநர் செயற்பாட்டாளர் சாந்தா குரை இந்த விலக்கை எதிர்த்து 2021இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார்.

விதி இருக்கும்வரை நான் அதை மீற முடியாது. யாரையும் பொய் எழுதச் சொல்லவும் மாட்டேன். தொற்று இருக்குமோ என்ற சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ரத்த தானத்துக்கு வராதீர்கள். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும். 1097 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். முகாம் நடத்துபவர்கள் ஒரு திரையாவது கட்டி மறைவிடம் ஏற்படுத்திக் கொடுங்கள்.

அந்தத் தம்பி எழுந்தபோது, "வெளியே கேட்டால் என்ன சொல்லட்டும்?" என்றார். உண்மை சொன்னவருக்கு நான்தான் ஒரு பொய்யைக் கையில் கொடுத்தேன்: "ரத்தம் குறைவாக இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்."

வாசலில் நண்பர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். முகாமில் கொடுத்த பழச்சாற்றில் தன் பங்கை ஒருவன் அவரிடம் நீட்டி, முதலில் நீ குடி என்று வற்புறுத்திக்கொண்டிருந்தான்.