ஃபிகர்ட் செர்ரி: உருவமா, கோலமா?

மேற்பரப்பில் இயற்கையாகவே வரிகள் மின்னும் செர்ரி மரப் பலகையை ஆங்கிலத்தில் 'ஃபிகர்ட் செர்ரி' என்பார்கள். அதை 'உருவம் பொறித்த செர்ரி' என்று தமிழில் பெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். அந்தப் பலகையில் யாரும் எதையும் பொறிக்கவில்லை. மரம் வளரும்போதே அதன் நார் நேராக ஓடாமல் அலை அலையாக நெளிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நெளிந்த நாரை ரம்பம் நேராக அறுக்கும்போது, ஓரிடத்தில் நார் மேல்நோக்கியும் அடுத்த இடத்தில் கீழ்நோக்கியும் வெட்டுப்படும். இரண்டும் ஒளியை வேறு வேறு விதமாகத் திருப்புகின்றன. இழைத்த பலகையை ஜன்னலோரம் பிடித்து லேசாகச் சாய்த்துப் பாருங்கள். இருட்டாக இருந்த பட்டை பளிச்சிடும், பளிச்சென்று இருந்தது இருளும். தொட்டுப் பார்த்தால் வழவழப்புதான், மேடு பள்ளம் எதுவும் இருக்காது. பட்டுப்புடவை மடிப்பில் ஒளி நகர்வது போலவே இருக்கும்.

'ஃபிகர்' என்ற சொல் 'ஃபிகுரா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வடிவம், தோற்றம் என்று பொருள். 'செர்ரி'யின் கதை வேறு. கிரேக்கத்தின் 'கெராசோஸ்' லத்தீனுக்குப் போய், அங்கிருந்து பழைய பிரெஞ்சில் 'செரீஸ்' ஆனது. கடைசி 'ஸ்' பன்மை விகுதி என்று நினைத்து ஆங்கிலேயர்கள் அதை வெட்டிவிட்டார்கள். செர்ரியைத் தமிழிலும் செர்ரி என்றே வைத்துக்கொள்ளலாம். (நம் பேக்கரி பன்னில் இருக்கும் சிவப்புச் செர்ரி பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய். அதற்கும் இந்த மரத்துக்கும் உறவில்லை.)

தச்சு வேலைக்கு வருவது அமெரிக்கக் கருஞ்செர்ரி. பென்சில்வேனியாவின் அலகேனிப் பகுதி மரத்துக்குத் தனி மதிப்பு உண்டு. புதிதாக அறுத்த வைரப் பகுதி (மரத்தின் கெட்டியான உட்பகுதி) வெளிர் இளஞ்சிவப்பாக இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டுச் செம்பழுப்பாகும். பலகைமேல் ஒரு காகிதத் துண்டை வைத்துச் சில நாள் வெயிலில் விட்டால், எடுத்தபின் காகிதத்தின் அச்சு அப்படியே தெரியும்.

அலை உள்ள பலகையை இழைப்பது பொறுமை கேட்கும் வேலை. எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் எங்கோ ஓரிடத்தில் எதிர்நார் வந்து பிய்ந்துவிடும். வழக்கமான 45 பாகை இழைப்புளியை விடச் செங்குத்தாக நிற்கும் அலகு, நல்ல கூர், மெல்லிய சீவல் இவை வேண்டும். அப்புறம் சுரண்டு தகடு, கடைசியாக உப்புத்தாள். சாயம் பூசினால் திட்டுத் திட்டாக ஏறும். எண்ணெயோ அரக்கோ போதும். மேசை இழுப்பறையின் முகப்பு, பெட்டி மூடி, கிடார் உடல், வெனீர் (மேலே ஒட்டும் மெல்லிய மரத்தகடு) என்று கண்ணில் படும் இடங்களுக்கே இந்தப் பலகையை ஒதுக்குகிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நார் ஓடும் போக்கு 'நாரோட்டம்'. அது வேறு, அதனால் மேற்பரப்பில் பிறக்கும் தோற்றம் வேறு. இரண்டாவதற்குக் 'கோலம்' என்பதே என் தேர்வு. வாசலில் போடுவது மட்டுமல்ல கோலம். தோற்றம், அழகு என்ற பொருளும் அதற்கு உண்டு. மணக்கோலம், அலங்கோலம் என்கிறோமே. எனவே ஃபிகர்ட் செர்ரி 'கோலச் செர்ரி'. நெளிவரி உள்ளது 'அலைக்கோலச் செர்ரி'. மேப்பிள் மரத்தில் செய்த வயலின் முதுகில் குறுக்கே மின்னும் வரிகளைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் 'அலைக்கோல மேப்பிள்'தான்.